முயற்கூண்டும் சீவகாருணியமும்

கொல்லாமையும் புலாலுண்ணாமையும் சைவர்க்கு இன்றியமையாத அறங்கள் என்பது நம் பிள்ளைகள் பால வகுப்பிலேயே கேட்டறிந்தது. ஆயின், கொல்லப்படுதற்கு முன்னே அவ்வுயிர் எங்ஙனம் வைக்கப்பட்டிருந்தது என்னும் வினாவை நாம் அவர்களுக்கு எழுப்புவதில்லை. எழுப்பாமைக்குக் காரணமும் உண்டு. புலாலை முற்ற விட்டவனுக்கு, புலாலின்பொருட்டு வளர்க்கப்படும் பிராணியின் கூண்டு எத்துணை அகலம் என்பது வேண்டாத விசாரம்போலத் தோன்றும். கொல்வோரும் தின்போரும் தம்முட் பேசித் தீர்க்கவேண்டிய கணக்கு அது என்று ஒதுங்கிவிடுகின்றோம். அங்ஙனம் ஒதுங்குதல் நம் சித்தாந்தத்துக்கு ஒத்ததன்று என்பதே ஈண்டு நாம் கூறப் புகுந்தது. அதற்கு எடுத்துக்கொண்ட உதாரணம், ஐரோப்பியப் பண்ணைகளிலே குட்டி ஈனும்பொருட்டு வைக்கப்படும் பெண்முயல்.

ஆடும் மாடும் கோழியும் இருக்க முயலை எடுத்தது என்னையெனின், கூறுதும். ஐரோப்பிய ஒன்றியத்திலே கன்றுக்கும், பன்றிக்கும், முட்டையிடும் கோழிக்கும், இறைச்சிக் கோழிக்கும் தனித்தனியே வளர்ப்பு விதிகள் உண்டு. முட்டைக்கோழியை வெறுங் கம்பிக்கூண்டில் அடைத்தல் 2012ஆம் ஆண்டு சனவரி முதலாந் திகதி தொடக்கம் அங்கே விலக்கப்பட்டது. முயலுக்கோவெனின், பண்ணைப் பிராணிகள் எல்லாவற்றுக்கும் பொதுவாக 1998இல் இயற்றப்பட்ட கட்டளை ஒன்றே உளது. ஒன்றியம் முழுவதற்கும் உரிய தனிவிதி இல்லை. ஸ்பானியா, பிரான்சு, இத்தாலி ஆகிய மூன்று நாடுகளுமே அங்கே முயல்வளர்ப்பிற் பெரியன. ஐரோப்பியப் பாராளுமன்றம் 2017ஆம் ஆண்டு மார்ச்சு 14ஆந் திகதி நிறைவேற்றிய தீர்மானம், எண்ணிக்கையால் இரண்டாம் இடத்தில் நிற்கும் பண்ணைப் பிராணி முயலே என்பதை எடுத்துக்காட்டி, அதற்கெனக் குறைந்த அளவு விதிகளேனும் வகுக்குமாறு வேண்டிற்று. இத்துணைப் பெருந்தொகையாக வளர்க்கப்படும் பிராணி விதியிலே பிந்தியமைக்குக் காரணம் பல இருக்கலாம். முயல் கத்தாத பிராணி என்பதும் அவற்றுள் ஒன்றோ என நாம் ஐயுறுகின்றோம். பன்றி நொந்தால் ஊரைக் கூட்டும், கோழி கொக்கரிக்கும், முயல் உயிர்போகும் அச்சத்திலன்றி வாய் திறவாது, நோயையும் புண்ணையும் ஒடுங்கியிருந்து பொறுக்கும்.

முதலில் ஒரு பெயர்மயக்கத்தை நீக்கிக்கொள்ளல் வேண்டும். நம் ஈழநாட்டுப் பற்றைக்காடுகளில் ஓடும் முயலும், கூண்டில் வளரும் வெண்முயலும் தமிழிலே ஒரு பெயர் பெறினும் வேறு வேறு சாதியின. நம் காட்டுமுயல் வளை தோண்டாது. புல்லிடையே படுத்து ஈனும். அதன் குட்டி உரோமத்தோடும் திறந்த கண்ணோடும் பிறக்கும். பண்ணைமுயலின் முன்னோர் ஸ்பானியாவும் போர்த்துக்கலும் அடங்கிய ஐபீரியத் தீபகற்பத்துக் குழிமுயல். அது நிலத்தை அகழ்ந்து வளையமைத்துக் கூட்டமாக வாழ்வது. அதன் குட்டி உரோமமின்றிக் கண்மூடிப் பிறப்பது. இன்று மனிதர் வளர்க்கும் முயலினங்கள், பெரியனவும் சிறியனவும், யாவும் அக்குழிமுயலின் வழிவந்தனவே. நிறமும் பருமனும் மாறினவேயன்றி, அகழுங் காலும், கூட்டத்தை நாடும் மனமும், நிழலசைந்தால் ஓடி ஒளியும் அச்சமும் மாறவில்லை.

குழிமுயலின் வாழ்க்கையைப் பலகாலம் நோக்கி எழுதினோருள் ஒருவர் வேல்ஸ் நாட்டவராகிய றொனால்ட் லொக்லி என்பார். அவர்தம் முயல்நூல் 1964இல் வெளிவந்தது. அவரும் பிறரும் கண்டு கூறியவற்றுள் ஈன்ற தாயின் ஒழுக்கமே நம் பொருளுக்கு மிக இன்றியமையாதது. சினைகொண்ட பெண்முயல் ஏறத்தாழ 31 நாளில் ஈனும். ஈனுங்காலம் அணுகியபோது, பலவேளைகளில் பொதுவளையை விட்டகன்று, வேறோரிடத்திலே சிறுகுழி தோண்டும். புல்லை வாயிற் கவ்விச்சென்று உள்ளே பரப்பும். தன் மார்பினும் வயிற்றினும் உள்ள மயிரைத் தானே பறித்து மெத்தையிடும். ஈன்றபின் குட்டிகளோடு கூட இருப்பதில்லை. நாளொன்றுக்கு ஒருமுறை, பெரும்பாலும் இருளிலே, வந்து மூன்று முதல் ஐந்து நிமிடம் வரை பாலூட்டும். வெளியேறும்போது வாயிலை மண்ணால் அடைத்துவிட்டுப் போகும். இருபத்துமூன்று மணி நேரத்துக்கு மேலாகக் குட்டிகளைத் தனியே விட்டிருக்கும் இதனை அன்பில்லாத தாய் என்று கருதுவாரும் உளர். உண்மை அதன் மறுதலை. நரி முதலிய பகைகள் தன் நாற்றத்தைப் பற்றிக்கொண்டு குட்டிகளை அடையாவண்ணம் விலகி நிற்றலே அத்தாய் செய்யும் காவல். அடைத்த வாயில் அதன் அன்பின் வடிவம்.

இனிப் பண்ணையை நோக்குவாம். வழக்கமான கூண்டு கம்பிவலையால் ஆயது. தளமும் கம்பி. மலசலம் கீழே விழுதற்பொருட்டு அங்ஙனம் அமைத்தனர். அதனால் குடல்நோய் குறைகின்றது என்பதும் மெய்யே. கூண்டின் உயரம் பெரும்பாலும் 30 முதல் 35 சென்ரிமீற்றர். நாலைந்து கிலோ எடையுள்ள பெண்முயல் அதனுள்ளே செவிகளை நிமிர்த்தி உட்காரவும், பின்காலூன்றி எழுந்து நாற்புறமும் நோக்கவும் மாட்டாது. தொடர்ந்து மூன்று முறை தாவ இடமில்லை. கம்பியிலே நின்று நின்று பின்னங்காலின் அடியுரோமம் தேய்ந்து புண்படும். வைக்கோலும் சுள்ளியும் இல்லையாயின் கறிக்கும் இயல்புடைய பல் கூண்டுக்கம்பியையே கறித்துக்கொண்டிருக்கும்.

ஈற்றுப்பெட்டி கூண்டோடு ஒட்டி வைக்கப்பட்டிருக்கும். அதனுள் மரச்சீவல் இடுவர். தாய் தன் மயிரைப் பறித்து மெத்தையிடும். அதுகாறும் இயற்கையோடு ஒக்கும். பாலூட்டி வெளியே வந்தபின்னரே இடர் தொடங்குகின்றது. போக்கிடம் இல்லை. வளையிலே எத்துணையோ தூரத்தில் இருந்திருக்கவேண்டிய குட்டிகளின் நாற்றம் ஒரு முழத்துக்குள்ளே எந்நேரமும் வீசும். வாயிலை அடைக்க மண்ணும் இல்லை. இதனை ஆராய்ந்தோர், தாய்முயல் பெட்டிவாயிலிலே முன்னங்கால்களால் அடைக்குஞ் செயலைத் திரும்பத் திரும்பச் செய்தலையும், நாளுக்கு ஒருமுறையன்றிப் பன்முறை பெட்டியை நாடுதலையும் கண்டனர். முயலைக் குறித்து நாம் கற்றறிந்தவற்றுள் நம் நெஞ்சை விடாது பற்றி நிற்பது இதுவே. புண்பட்ட காலைக் கண்டால் எவரும் இரங்குவர். மண்ணில்லாத இடத்திலே மண்ணைத் தள்ளும் காலைக் கண்டு இரங்குதற்குச் சிறிது அறிவும் வேண்டும். அக்கால் செய்வது பிழையன்று. அக்காலுக்குரிய நிலம் அங்கே இல்லை.

இவ்விடத்திலே சித்தாந்தம் கூறும் ஒன்றனை நினைவு கூர்வாம். அநாதியே ஆணவமலத்தால் மறைப்புண்டு கிடக்கும் ஆன்மாக்களுக்கு அம்மறைப்பு நீங்கும் வழியாக, இறைவன் மாயையினின்றும் தநு கரண புவன போகங்களைக் கூட்டுவன் என்பது ஆசிரியர் யாவரும் கற்பிப்பது. தநு உடம்பு. கரணம் மனம் முதலிய கருவி. புவனம் வாழுமிடம். போகம் நுகரப்படுவன. இந்நான்கும் ஒன்றோடொன்று இயைந்தே கூட்டப்படுவன. நீரிலே மூச்சுவிடும் உடம்பைப் பெற்ற மீனுக்கு நீரே புவனமாயிற்று. இரவிற் காணும் கண்ணைப் பெற்ற ஆந்தைக்கு இரவே போகத்துக்குரிய காலமாயிற்று. நாம் இக்கொள்கையை மானுடப்பிறவியை நோக்கியே பெரும்பாலும் விரித்துரைக்கின்றோம். அங்ஙனம் சுருக்கிக்கொள்ளுதற்கு நூல்களில் இடமில்லை. எழுவகைப் பிறப்பிலும் நிற்கும் ஆன்மாக்கள் யாவற்றுக்கும் இது பொது. அகழுங் கால் ஒரு தநு. அடைக்கவேண்டும் என்னும் உணர்ச்சி ஒரு கரணம். மண் அவற்றின் புவனம்.

கூண்டு செய்வது யாது? தநுவையும் கரணத்தையும் விட்டுவைத்து, அவற்றுக்கு இயைந்த புவனத்தையும் போகத்தையும் நீக்குகின்றது. கொலை நான்கனையும் ஒருங்கே நீக்குகின்றது. ஆதலின் கூண்டிலடைத்தலைக் கொலையிற் சிறியதொரு கொடுமை என அளவினால் மாத்திரம் வேறுபடுத்தல் பொருந்தாது. அது வகையினாலே வேறு. கொல்லப்பட்ட உயிர் அவ்வுடம்பால் வருந் துன்பத்தினின்றும் அகன்றது. கூண்டிலுள்ள உயிரை அதன் உடம்பு நாடோறும் ஒன்றைச் செய்யெனத் தூண்டுகின்றது. கம்பி நாடோறும் அதனைத் தடுக்கின்றது. திருவள்ளுவ நாயனார் புலான்மறுத்தலும் கொல்லாமையும் கூறியதனோடு அமையாது, இன்னாசெய்யாமை என வேறோர் அதிகாரமும் வகுத்தமை ஈண்டுச் சிந்திக்கற்பாலது. கொல்லாமையினுள்ளே பிற துன்பம் செய்யாமை எல்லாம் அடங்கிவிடுமாயின் அவ்வதிகாரம் வேண்டப்படாது.

கொலையின்றியே சிறை உண்டு என்பதற்கு இம்முயற்சாதியிலேயே சான்று உளது. அங்கோரா என்னும் முயலினம் உரோமத்துக்காக வளர்க்கப்படுவது. உரோமம் தரும் காலம் வரை அதனைக் கொல்லுதல் வளர்ப்போனுக்கு நட்டமே. ஆயினும் அதுவும் பெரும்பாலும் தனிக்கூண்டிலே வைக்கப்படுகின்றது. ஒன்றோடொன்று கூடினால் உரோமம் சிக்குண்டு கெடும் என்பது காரணம். அவ்வுரோம ஆடையை அணிந்து, யாம் புலால் தீண்டேம் எனப் பெருமை பேசுவாரும் இருத்தல் கூடும்.

நம் சமயத்தார் உயிரைப் பசு என்னும் பெயரால் வழங்குதல் யாவரும் அறிந்தது. கயிற்றாற் கட்டுண்ட விலங்குபோலப் பாசத்தாற் கட்டுண்டு கிடத்தலின் ஆன்மா அப்பெயர் பெற்றது. நம் கட்டை நமக்கு உணர்த்துதற்குக் கட்டுண்ட விலங்கையே நம் ஆசிரியர் உவமை கொண்டனர் என்றால், அக்கட்டு ஒரு துன்பம் என்பதை அவர் ஐயமின்றி உணர்ந்தமை பெறப்படும். உவமையை ஏற்றுக்கொண்டு, உவமையாக வந்த விலங்கை மறந்துவிடுதல் நமக்கு அழகோ?

இனி ஓர் ஆட்சேபம். இதனை மேல்வகுப்பு மாணாக்கர் கேட்பர். பெரியோரும் சிலர் கூறுவர். முயலாய்ப் பிறந்ததும் கூண்டில் அடைபட்டதும் அவ்வுயிரின் பிராரத்த கன்மம். அதனை அநுபவித்தே கழித்தல் வேண்டும். இடையிலே நாம் புகுந்து தடுப்பது எற்றுக்கு என்பது அவர் கூற்று. அது பொருந்தாது. பொருந்துமாயின், நோயாளிக்கு மருந்து கொடுத்தலும் பசித்தவனுக்குச் சோறிடுதலும் குற்றமாய் முடியும். வினைப்பயனை உயிருக்குக் கூட்டுபவன் இறைவன். அப்பணியை அவன் நம்மிடம் ஒப்புவித்தானல்லன். ஓருயிரின் பிராரத்தத்துக்கு வலிந்து கருவியாய் நின்றவன் தனக்கு ஆகாமியம் தேடிக்கொள்ளுகின்றான். மேலும், துன்பம் வருதல் வினைப்பயனாயின், அத்துன்பத்தை நீக்கும் கை வருதலும் வினைப்பயனாதல் கூடாதோ?

திருவிளையாடற் புராணத்திலே பன்றிக்குட்டிகளுக்கு முலைகொடுத்த படலத்தை ஆசிரியர்கள் இந்நோக்கோடு மீட்டும் ஒருமுறை படித்தல் நன்று. சுகலன் என்பானுடைய புதல்வர் பன்னிருவர் தவஞ்செய்திருந்த வியாழ பகவானை இகழ்ந்து, அவர் சாபத்தாலே பன்றிக்குட்டிகளாய்ப் பிறந்து, தாயை இழந்து தவித்தனர். அப்பிறவியும் அத்தவிப்பும் அவர்தாமே தேடிய வினையின் பயன் என்பதில் ஐயமில்லை. அங்ஙனமாகவும் சோமசுந்தரக் கடவுள், அது அவர்தம் வினை என விட்டிருந்தாரல்லர். தாய்ப்பன்றியின் வடிவங்கொண்டு வந்து பாலூட்டினார். வினையைக் கூட்டும் முதல்வனே வினைப்பயனால் வருந்துவோர்க்குத் தாயாய் வந்தான் என்றால், கன்மக்கொள்கையைக் காட்டிக் கையைக் கட்டிக்கொண்டிருத்தற்கு நமக்கு நியாயம் யாது?

மேனாட்டுத் தத்துவ நூலார் இப்பொருளில் வேறு வழியாக நடந்தனர். 17ஆம் நூற்றாண்டிலே தெக்காட்டு என்பார் விலங்கை ஒருவகை இயந்திரமாகக் கருதினார். 18ஆம் நூற்றாண்டிலே காண்டு என்பார், விலங்கைத் துன்புறுத்தல் தீது, அதனால் மனிதன் நெஞ்சு வன்மையுற்று மனிதரையும் துன்புறுத்தும் ஆகலான் என்றார். கடமை மனிதனுக்கே, விலங்குக்கு அன்று என்பது அவர் கருத்து. அவர் காலத்தவரான பெந்தம் என்பார், துன்பத்தை உணரும் ஆற்றல் உண்டோ என்பதே பார்க்கற்பாலது என 1789இல் எழுதினார். விவிலியத்திலும் இவ்வேறுபாடு காணலாம். போரடிக்கும் எருதின் வாயைக் கட்டலாகாது என்னும் விதி பழைய ஏற்பாட்டில் உண்டு. பவுல் என்பார் அது மாடுகளைக் கருதிக் கூறப்பட்டதன்று, உழைக்கும் போதகரைக் கருதியதே என உரை செய்தார். மிஷன் பாடசாலையிலே இவ்விரண்டனையும் நாம் ஒருங்கே பாடங்கேட்டபோது, எருதைக் குறித்த விதி எருதையே குறித்தது எனக் கொள்ளுதலே நேரிது எனத் தோன்றிற்று. இன்றும் அங்ஙனமே தோன்றுகின்றது. சைவர் காண்டின் வழியிலே சுற்றிச் செல்ல வேண்டுவதில்லை. முயலினுள்ளே நிற்பதும் பசு, நம்முள்ளே நிற்பதும் பசு. உடம்பு வேறு, மலம் வேறன்று.

இத்துணையும் கூறியதனால், கூண்டைத் திறந்துவிட்டாற் போதும், எல்லாம் நன்றாய்விடும் எனக் கருதற்க. இங்கேதான் பொருள் சிக்கலாகின்றது. குழிமுயல் கூட்டமாக வாழும் இயல்பினது ஆகலின், தாய்முயல்கள் பலவற்றை ஒரு பட்டியிலே கூட்டி வைத்துப் பார்த்தனர். சுவிற்சர்லாந்து, நெதர்லாந்து, பெல்ஜியம் முதலிய நாடுகளிலே இவ்வாராய்ச்சி பல ஆண்டுகளாக நடைபெற்றது. கூட்டியவுடன் அவை தம்முட் போர்செய்து கடித்தும் கீறியும் புண்படுத்தின. ஒன்று மற்றொன்றின் ஈற்றுப்பெட்டியிற் புகுந்து குட்டிகளைக் கொல்லுதலும் உண்டு. வயல்வெளியில் இத்துணைத் தீங்கு நேராமைக்குக் காரணம், தோற்றது ஓடிப்போக வெளி உண்டு. தாழ்ந்த பெண்முயல் தொலைவிலே தன் ஈற்றுக்குழியைத் தோண்டிக்கொள்ளும். பட்டிக்கு நாற்புறமும் சுவர். அதன்மேல், ஈனும் சில நாளுக்கு முன்னே பிரித்து, குட்டி சிறிது வளருமட்டும் தனியே வைத்து, பின்பு கூட்டுதலாகிய நடுவழியைக் கைக்கொண்டனர். அவ்வழியினும், கூட்டுந்தோறும் புதுப்போர் மூளுகின்றது.

இதனைக் காட்டித் தனிக்கூண்டை ஆதரிப்போர், எங்கள் கூண்டிலே காயமில்லை பாருங்கள் என்பர். அவர் கூறுவது பொய்யன்று. ஆயினும் காயமின்மை ஒன்றே நலமாகாது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையகம் 2020ஆம் ஆண்டு சனவரியில் வெளியிட்ட ஆய்வுரை, பலவகை வளர்ப்பு முறைகளையும் ஒப்புநோக்கி, தாய்முயல்களின் நலம் வழக்கமான கூண்டிலேதான் தாழ்ந்தது எனவும், அங்கே நடமாட இடமின்மையே முதற்குறை எனவும் கொண்டது. வெளிப்பட்டியில் உள்ளவை வெயிலாலும் குளிராலும் வருந்துதலை அவ்வுரை மறைத்திலது. எம்முறையும் குற்றமற்றதன்று.

ஆயின் யாது செய்வது? நம் கண்ணுக்கு இனிதாயதைத் தெரிந்தெடுத்தல் ஆகாது. விரிந்த புற்றரையிலே பத்து முயல் கூடி நிற்றல் காண்பார்க்கு இனிது. ஈனப்போகும் முயலுக்கு அது இடர். தனிமையிலே காயமின்றி இருத்தல் கணக்கெழுதுவோனுக்கு இனிது. மற்றைய நாட்களில் முயலுக்கு அது இடர். தநுவுக்கும் கரணத்துக்கும் இயைந்த புவனம் எது என்பதே நாம் வினவற்பாலது. ஈனுங்கால் ஒதுங்க ஓரிடம்; பாலூட்டியபின் குட்டியின் நாற்றத்தினின்றும் அகல ஓரிடம்; தானே அடைத்துத் திறக்கத்தக்க வாயில்; கூடுதற்குத் துணை; துணை பகையாயின் ஒளிதற்கு மறைவு; ஏறியிருக்க மேடை; கால் புண்படாத தளம். இவற்றைத் தந்து, எப்போது கூடுவது எப்போது ஒதுங்குவது என்பதை முயலிடமே விட்டுவிடும் அமைப்பே இயற்கைக்கு அணியது. இடம் மிக வேண்டும், செலவு மிகும், இறைச்சியின் விலை ஏறும் என்பர். ஏறட்டும். விலை ஏறுதலால் வருந்தவேண்டியவர் நம்முள் ஒருவரும் இலர்.

வேறொன்றும் உண்டு, கூண்டின் அகலத்தைப் பேசுவோர் அதனைப் பெரும்பாலும் பேசாது கடப்பர். பெண்முயல் ஈன்ற உடனேயே மறுபடியும் சினைகொள்ளத்தக்க உடம்பினது. அதனைப் பயன்படுத்தி, ஈன்ற 11ஆம் நாளளவில் ஊசிமூலம் சுரப்பூட்டிச் செயற்கையாற் கருவூட்டும் முறை அப்பண்ணைகளில் வழக்கமாயிற்று. ஆகவே 42 நாளுக்கு ஒருமுறை ஈற்று. முன்னீற்றுக் குட்டிக்குப் பால்கொடுத்துக்கொண்டே வயிற்றில் அடுத்த ஈற்றைச் சுமக்கும். உடம்பு உருகும். பெரும்பாலான பண்ணைகளிலே, இறந்தும் ஈற்றுக் குன்றியும் கழிக்கப்பட்டும் போகும் தாய்முயல்களின் தொகை ஓராண்டினுள் இருந்த தொகைக்கு ஏறக்குறையச் சமமாய்விடுகின்றது; அத்தனைக்கும் புதுமுயல் புகுத்துவர். இங்கே நெருக்கப்பட்டது புவனம் அன்று, தநுவே. அகன்ற பட்டியும் மெல்லிய தளமும் இந்நெருக்கத்தைத் தொடுவனவல்ல. ஆதலால் வளர்ப்புவிதி செய்வோர் சதுர சென்ரிமீற்றரை மாத்திரம் எண்ணாது, ஈற்றுக்கும் ஈற்றுக்கும் இடைப்பட்ட நாளையும் எண்ணல் வேண்டும் என்பது நம் துணிபு.

நிற்க. கூண்டை ஒழிக்குமாறு ஐரோப்பியக் குடிமக்கள் ஏறத்தாழ 14 இலட்சம் பேர் ஒப்பமிட்ட விண்ணப்பம் 2020இல் ஐரோப்பிய ஆணையகத்துக்குக் கொடுக்கப்பட்டது. முயல் அவ்விண்ணப்பத்திற் கூறப்பட்ட பிராணிகளுள் ஒன்று. ஆணையகம் 2021ஆம் ஆண்டு யூன் 30ஆந் திகதி விடைகூறி, 2023 முடிவதற்குள் சட்டவரைவு கொணர்வதாக வாக்களித்தது. அவ்வாண்டு கழிந்தது, வரைவு வந்திலது. ஆயினும் ஒஸ்திரியா 2012 தொடக்கம் இறைச்சிமுயலைக் கூண்டிலடைத்தலை விலக்கியதும், பெல்ஜியம் 2014ஆம் ஆண்டின் அரச ஆணையால் கூண்டைப் பட்டியாக மாற்றத் தொடங்கியதும் ஒன்றியத்தின் விதிக்குக் காத்திராமலே நிகழ்ந்தன.

இவற்றைக் கேட்ட சைவர் சிலர் நகைத்து, முடிவிலே கொல்லப்போகும் முயலுக்கு மெத்தையிடுவது என்ன கருணை, இது மாய்மாலமன்றோ என்பர். நாம் அங்ஙனம் நகைக்க மாட்டோம். யாழ்ப்பாணத்திலே மீனும் இறைச்சியும் உண்ணும் சைவர் பலர் வெள்ளிக்கிழமையிலும் விரத நாளிலும் அவற்றை விலக்குதலைக் காண்கின்றோம். நாளைக்கு உண்ணப்போகின்றாய், இன்றைக்கு விலக்குவது மாய்மாலம் என எந்த ஆசிரியரும் அவரை நோக்கிக் கூறியதில்லை, கூறுதல் நன்றுமன்று. அந்த ஒரு நாள் மெய்யாகவே ஒரு நாள். அங்ஙனமே கூண்டினின்று பட்டிக்கு மாறிய முயல் காலை நீட்டிப் படுக்கும் பொழுது மெய்யாகவே ஒரு பொழுது. அதனைக் கொல்லாமை எனப் பெயரிட்டுப் போற்றின் மறுப்போம். மேற்படியில் நில்லாதவன் கீழ்ப்படியில் நிற்றலும் வீண் எனின் அதனையும் மறுப்போம். சரியையிலே நிற்பவனை ஞானநிலையைக் காட்டி இகழும் வழக்கம் நம் சமயத்தில் இல்லை.

இனி நம் வீடுகள். வெண்முயல் இரண்டைப் பிள்ளைகளின் விளையாட்டுக்கென வாங்கி, கம்பித்தளமிட்ட பெட்டியொன்றிலே வைத்திருக்கும் வீடுகள் நம் ஊர்களிலே பல. அவ்வீட்டார் முயலைக் கொல்லார், தின்னார், கேட்டால் ஆசைக்கு வளர்க்கின்றோம் என்பர். மேற்கூறிய விசாரம் முழுவதும் அப்பெட்டிக்கும் உரியது. குறுகிய கயிற்றிலே நாளெல்லாம் நிற்கும் பசுவுக்கும், பாலை முழுவதும் கறந்தபின் மடியில் விடப்படும் கன்றுக்கும் உரியது. கிளிக்கூட்டுக்கும் உரியது. ஐரோப்பியன் கூண்டைப் பற்றி வகுப்பிலே பேசும் ஆசிரியர் இவற்றை விட்டுவிட்டுப் பேசுவாராயின், பின்வாங்கிலிருக்கும் மாணாக்கன் ஒருவன் எழுந்து கேட்டுவிடுவான்.

முயல் வைத்திருக்கும் பிள்ளைக்கு ஆசிரியர் சொல்லத்தக்கவை சில உள. பெட்டி, முயல் பின்காலூன்றி எழுந்தாலும் செவி முட்டாத உயரம் வேண்டும். கம்பித்தளத்தின் மேல் பலகையோ, நாளும் மாற்றத்தக்க வைக்கோலோ இடல் வேண்டும். ஒளிந்திருக்க இருளான மூலை ஒன்று வேண்டும். நாளில் சில நாழிகையாவது வேலியிட்ட நிலத்திலே, நாயும் பூனையும் அணுகாவண்ணம், விட்டுவிடல் வேண்டும்; அங்கே அது மண்ணைத் தோண்டினால் அடித்து விலக்கலாகாது. ஆணையும் பெண்ணையும் ஓயாது ஒரே பெட்டியில் வைத்திருந்தால் ஈற்று ஓயாது. பெண்முயல் வாயிலே வைக்கோலைக் கவ்வித் திரிவதும் தன் மயிரைப் பறிப்பதும் கண்டால், உடனே ஈற்றுப்பெட்டி ஒன்று வைத்து, ஆணைப் பிரித்துவிடுக. ஈன்றபின் தாய் குட்டியோடு இராமையைக் கண்டு, அது குட்டியை வெறுத்தது எனக் கருதித் தூக்கித் தூக்கி உள்ளே விடும் வழக்கம் பலரிடம் உண்டு, அது வேண்டா. அயலிற் பிள்ளைகளுக்கெல்லாம் பெட்டியைத் திறந்து திறந்து காட்டுதலும் வேண்டா. காலையில் ஒருமுறை பார்த்து, இறந்த குட்டி உண்டேல் எடுத்து, மயிர்மெத்தையை முன்போல மூடி, பெட்டியின் வாயிலைச் சார்த்திவிடுதல் போதும். பால்கொடுக்கும் வேளையைத் தாய் அறியும்.